குற்றப்பண மன்னிப்பு யாருக்கு?

கமக்காரர் கூட்டங்களுக்குப் போகுமிடமெல்லாம் அண்மைக் காலமாக எம்மிடம் ஒரு வேண்டுகோள் வைக்கப்படுகிறது. வீதிக் குற்றங்களுக்காக விதிக்கப்பட்டு, தவணை கடந்து நிலுவையாய்க் கிடக்கும் குற்றப்பணங்கள் யாவற்றுக்கும் அரசாங்கம் ஒரு பொதுமன்னிப்பைப் பிரகடனஞ் செய்யவேண்டும். பாதியைக் கட்டினால் மறுபாதியைத் தள்ளிவிடவேண்டும். இதனைத் தமிழ்ப் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் எழுப்பவேண்டும் என்பதே அவ்வேண்டுகோள். உழவு இயந்திரக்காரர், லொறிச் சாரதிகள், முச்சக்கரவண்டி ஓட்டுவோர் ஆகியோர் மட்டுமல்லர். ஆசிரியர், வைத்தியர், எமது தொழிலைச் சேர்ந்த நியாயவாதிகள் சிலருங்கூட இதனை ஆதரித்துப் பேசுகின்றனர். அயல்நாடுகள் கொடுக்கின்றன, இந்நாடு ஏன் கொடுக்கக்கூடாது என்று கேட்கின்றனர்.

இக்கோரிக்கையை நான் ஆதரிக்கவில்லை. அப்படி வெளிப்படையாகச் சொல்வது அரசியலில் இலாபந்தரும் காரியமன்று என்பதை அறிவேன். தள்ளுபடி கேட்பவனுக்குக் கூட்டத்தில் கைதட்டல் உண்டு. வேண்டாமென்பவனுக்கு அது கிடையாது. ஆயினும் உரிமையாகக் கேட்கவேண்டியதைச் சலுகையாகக் கேட்டுப் பெற்று, அடுத்த அரசாங்கம் வந்ததும் அச்சலுகையையும் இழந்து நிற்பது எமக்குப் பழகிப்போன கதை. இந்த விடயத்திலாவது அக்கதையைத் திருப்பிச் சொல்லாதிருப்போம்.

முதலில் சட்டம் எவ்வாறிருக்கிறது என்று பார்ப்போம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் பன்முறை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. சிறு குற்றங்களுக்கு நீதிமன்று ஏறாமலே பொலிஸ் உத்தியோகத்தர் வீதியோரத்தில் ஒரு துண்டை எழுதிக் கொடுக்க அச்சட்டம் இடமளிக்கிறது. பழைய வழக்கப்படி, சாரதி அனுமதிப்பத்திரத்தை அவர் வாங்கிக்கொள்வார். அவர் தந்த துண்டே 14 நாட்களுக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரம். அந்த 14 நாட்களுக்குள் தபாற் கந்தோரில் பணத்தைக் கட்டி, பற்றுச்சீட்டைக் கொண்டுபோய்க் காட்டினால் அனுமதிப்பத்திரம் திரும்பக் கிடைக்கும். தவறினால் தொகை இரட்டிக்கும். 28 நாட்களும் கடந்துவிட்டால் விடயம் நீதவானிடம் போகும். நீதவான் முன்னும் தோன்றாதவனுக்குப் பிடியாணை.

கந்தோருக்கு அண்மையிற் குடியிருக்கும் உத்தியோகத்தருக்கு இது அரைநாள் அலைச்சல். கிளிநொச்சியிலிருந்து மரக்கறி ஏற்றிக்கொண்டு தம்புள்ளைச் சந்தைக்குப் போகும் லொறிச் சாரதிக்கோ, இடையில் எங்கோ ஓர் ஊரிற் கைமாறிய அனுமதிப்பத்திரத்தை மீட்பதற்கு இன்னொரு பயணம் வேண்டும். பயணச் செலவும் இழந்த நாட்கூலியும் குற்றப்பணத்தை விஞ்சிவிடுவதுண்டு. 2025ஆம் ஆண்டில் வீதியிலேயே கைத்தொலைபேசி மூலம் கட்டும் ‘கவ்பே’ முறை பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டு, பின்னர் விரிவாக்கப்பட்டது. அது வரவேற்கத்தக்கதே. ஆனால் அந்த வசதி வங்கிக் கணக்கும் அதிற் பணமும் உள்ளவனுக்கு. அறுவடை முடிந்து நெல் விற்றபின் மட்டும் காசைக் காணும் கமக்காரனுக்குத் தைப்பொங்கலுக்கு முந்திய மாதத்தில் எந்தக் கைத்தொலைபேசி என்ன செய்யும்?

வன்னியைச் சேர்ந்த கமக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். வயது அறுபதுக்கு மேல். உழவு இயந்திரத்தின் பெட்டியில் பின்விளக்கு எரியாமைக்காக வட மாகாணத்துக்குள்ளேயே மறிக்கப்பட்டுத் துண்டு பெற்றவர். பல மாதங்கள் கழித்து வேறோரிடத்தில் மறித்தபோதுதான் தமக்கெதிராகப் பிடியாணை இருப்பதை அறிந்தார். கசங்கிய துண்டை மேசையில் விரித்தார். கையால் எழுதப்பட்ட பகுதி முழுவதும் சிங்களம்.

“அண்ணை, கட்டவேண்டிய திகதி இதிலை எழுதிக் கிடக்குதே” என்றேன்.

“உங்களுக்கு வாசிக்கத் தெரியுது ஐயா. எனக்கு ஆர் வாசிச்சுச் சொன்னவை? நான் கையெழுத்துப் போட்டனான், அவ்வளவுதான்” என்றார்.

அவருக்கு வேண்டியது என்ன? பொதுமன்னிப்பு ஒன்று வந்தால், பாதித் தொகையைக் கட்டி வீட்டுக்குப் போகலாம் என்பது உண்மை. ஆனால் அவ்வாறு கட்டும்போது அவர் எதனை ஒப்புக்கொள்கிறார்? தமக்குப் புரியும் மொழியில் முறையான அறிவித்தல் கிடைத்தது, அதனைத் தாமே அசட்டை செய்தார், இப்போது அரசின் தயவால் விடுபடுகிறார் என்பதை ஒப்புக்கொள்கிறார். குற்றத்தை ஏற்றுக்கொண்டவனுக்கே மன்னிப்பு என்பது சட்டம் படிக்காதவர்க்கும் தெரிந்த நியாயம். வடக்கு கிழக்கு மாகாணங்களில் தமிழே நிருவாக மொழி எனவும், நீதிமன்றங்களின் மொழி எனவும் அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் கூறுகிறது. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தமும் 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தமும் அதனை அவ்வாறாக்கின. இத்துணை ஏற்பாடுகள் இருந்தும் வீதியோரத் துண்டு ஒன்று தமிழில் வரவில்லையெனில், மன்னிப்புக் கேட்கவேண்டியவர் அந்தக் கமக்காரர்தாமா? 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் ஆவி இன்னும் பொலிஸ் உத்தியோகத்தரின் பேனா முனையில் குடியிருக்கிறது என்றுதான் சொல்லவேண்டியிருக்கிறது.

இனி, மன்னிப்பு என்பது இந்நாட்டில் இதுவரை யாருக்குத் தாராளமாகக் கிடைத்தது என்பதையும் நினைவு கூர்வோம். வரி கட்டாது செல்வத்தை ஒளித்தவர்களுக்காக 2003ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க உண்ணாட்டரசிறை (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இயற்றப்பட்டது. மறு ஆண்டில் அதனை மாற்றியமைக்கும் மசோதா வந்தபோது, அதனை ஆராய்ந்த உயர் நீதிமன்றம், முன்னைய வரி மன்னிப்பு சட்டத்தின் ஆட்சிக்கே விரோதமானதென்ற கருத்தை வெளியிட்டது. அக்கருத்தின் மை காய்ந்து எத்தனையோ ஆண்டுகள் சென்றபின், 2021ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க நிதிச் சட்டம் வந்தது. வெளியிடாத பணத்தையும் சொத்தையும் வெளியிட்டு நூற்றுக்கு 1 வீதம் கட்டினால் விசாரணையிலிருந்து விடுதலை என்றது அச்சட்டம்.

நூற்றுக்கு ஒன்று! கோடிகளை மறைத்தவன் ஒரு வீதத்துடன் தலைநிமிர்ந்து போகிறான். விளக்கு எரியாத பெட்டியை இழுத்துச் சென்றவனுடைய கடன் பதினைந்தாம் நாள் இரட்டிக்கிறது. இதைக் கண்ட எம்மவர், “அவர்களுக்குக் கொடுத்ததை எமக்கும் கொடு” என்று கேட்பது இயற்கையே. ஆனால் திருடனுக்குக் கொடுத்த சலுகையில் ஏழை பங்கு கேட்பதால் அச்சலுகைக்கு நியாயம் பிறந்துவிடும். மறுமுறை வரி ஏய்ப்போருக்கு மன்னிப்பு வரும்போது, நாங்கள் உழவு இயந்திரக்காரருக்கும் கொடுத்தோமே என்று அமைச்சர் பதில் சொல்லுவார். அந்தப் பதிலை நாமே எழுதிக் கொடுக்கவேண்டாம்.

அயல்நாட்டு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். தெலங்கானா மாநிலத்தில் 2022ஆம் ஆண்டு மார்ச் மாதம், நிலுவையிலிருந்த போக்குவரத்து அபராதங்களில் இருசக்கர வாகனங்களுக்கு நூற்றுக்கு 75 வீதம் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. மக்கள் திரண்டு கட்டினர். அரசுக்குக் கைநிறையப் பணம் சேர்ந்தது. இரண்டாண்டு நிறையுமுன், 2023ஆம் ஆண்டு டிசம்பரில், மீண்டும் தள்ளுபடி. இம்முறை இருசக்கர வாகனங்களுக்கு 80 வீதம்! ஆக, முதன்முறை ஓடிப்போய்க் கட்டியவன் ஏமாளி, கட்டாதிருந்தவன் கெட்டிக்காரன், துண்டு கிடைத்த அன்றே முழுத் தொகையையும் கட்டிய நேர்மையாளனோ மூடன் என்றாயிற்று. கர்நாடகத்திலும் 2023ஆம் ஆண்டில் பாதித் தள்ளுபடி, 2025ஆம் ஆண்டில் மறுபடியும் பாதித் தள்ளுபடி. இப்படி நடக்கும் நாட்டில் துண்டு பெற்றவன் தபாற் கந்தோருக்குப் போவானா, அடுத்த அறிவித்தலுக்குக் காத்திருப்பானா?

இதனை அரசாங்கங்கள் ஏன் செய்கின்றன என்பதில் மர்மமொன்றுமில்லை. வராக் கடனில் ஒரு பகுதியாவது இவ்வாண்டின் கணக்கில் வந்து விழட்டும் என்ற அவசரந்தான். குற்றப்பணம் வருமானமாகிவிட்ட இடத்தில் மன்னிப்பும் ஒரு வசூல் முறையே. கடையை மூடுமுன் சரக்கைக் கழிக்கும் வியாபாரிக்கும் இவர்களுக்கும் வேறுபாடு, வியாபாரி அதனை இரக்கமென்று சொல்லிக்கொள்வதில்லை என்பதே.

ஆனால் எல்லா மன்னிப்பும் ஒரே தரத்தன என்று சொல்லிவிட்டால் அது நேர்மையாகாது. ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்தில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் எமது நோய்க்கு மிகக் கிட்டிய நோய் அங்கிருந்தது.

அங்கே சிவப்பு விளக்கைத் தாண்டியவனுக்குச் சட்டத்தில் எழுதிய அடிப்படைக் குற்றப்பணம் 100 டொலர். ஆனால் நீதிமன்றக் கட்டிடத்துக்கென்றும், அதற்கென்றும் இதற்கென்றும் மேலதிகக் கட்டணங்கள் ஒன்றன்மேலொன்றாய் ஏற்றப்பட்டு அத்தொகை 490 டொலராயிற்று. தவணை தப்பினால் 300 டொலர் தனித் தண்டம் உட்பட எல்லாஞ் சேர்ந்து 815 டொலர். அதனுடன் சாரதி அனுமதிப்பத்திரமும் இடைநிறுத்தப்படும். துண்டு பிழையென்று வழக்காட விரும்பினால், பல நீதிமன்றங்களில் முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டிவிட்டுத்தான் வழக்காடலாம். கார் இன்றி வேலைக்குப் போகவியலாத நாடு அது. அனுமதிப்பத்திரம் போனால் வேலை போகும்; வேலை போனால் கடன் கட்ட முடியாது; கடன் கட்டாவிட்டால் அனுமதிப்பத்திரம் வராது. 2015ஆம் ஆண்டு ஏப்ரிலில் அங்குள்ள நியாயவாதிகளின் சட்ட உதவி நிறுவனங்கள் கூடி வெளியிட்ட அறிக்கை, சில ஆண்டுகளுக்குள் இவ்வாறு 40 இலட்சத்துக்கு மேற்பட்ட அனுமதிப்பத்திரங்கள் இடைநிறுத்தப்பட்டன என்று காட்டியது. அம்மாநிலத்தின் வயது வந்தோரில் ஏறத்தாழ ஆறில் ஒருவர்! நீதிமன்றங்கள் வசூலிக்காது கிடந்த கடன் 1,000 கோடி டொலருக்கு மேல். அதிற் பெரும் பகுதி கட்ட மறுத்தவனின் கடனன்று. கட்ட இயலாதவனின் கடன்.

அறிக்கை வெளிவந்த ஆண்டிலேயே ஆளுநர் ஜெரி பிரவுண் காலத்தில் ஒரு மன்னிப்புச் சட்டம் நிறைவேறியது. 2015 ஒக்டோபர் 1 முதல் 2017 மார்ச் 31 வரை, பதினெட்டு மாதங்கள் அது நடைமுறையில் இருந்தது. அதன் வாசகத்தைச் சட்டம் படித்தவன் கண்ணோடு பார்க்கவேண்டும். 2013 ஜனவரி 1ஆம் திகதிக்குள் கட்டியிருக்கவேண்டிய கடனுக்கே கழிவு. அதாவது மன்னிப்பு வருகிறதென்று கேள்விப்பட்டு எவனும் கட்டாதிருந்து ஆதாயம் பெறவியலாது; கதவு திறக்குமுன்பே எல்லைக்கோடு பின்னால் இடப்பட்டுவிட்டது. பொதுவாக நூற்றுக்கு 50 வீதக் கழிவு. வருமானம் வறுமைக் கோட்டை அண்டியிருப்போருக்கும் அரச உதவி பெறுவோருக்கும் 80 வீதம். தவணை முறையிற் கட்டச் சம்மதித்தாலே போதும், அனுமதிப்பத்திரம் திரும்பக் கிடைக்கும். மதுவெறியில் ஓட்டியவனுக்கும், உயிரைத் துச்சமென மதித்து ஓட்டியவனுக்கும் எதுவுமில்லை.

இவ்வளவும் நன்று. எனினும் இதற்கு மூன்றாண்டு முன்பு, 2012ஆம் ஆண்டின் முற்பாதியில், அங்கே இன்னொரு பாதித் தள்ளுபடி நடந்திருந்தது என்பதையும் மறக்கவேண்டாம். அது வந்தது, போயிற்று. கடன் மலை அப்படியே இருந்தது. ஏன்? மலையை உண்டாக்கிய சட்டம் அப்படியே இருந்தமையால். 2015ஆம் ஆண்டின் மன்னிப்பு வேறுபட்டதெனின், அதனுடன் சட்டமும் அசைந்தமையே காரணம். அவ்வாண்டு ஜூனில், பணம் கட்டாமலே வழக்காட இடமளிக்கும்படி நீதிமன்றங்களுக்கு விதி செய்யப்பட்டது. 2017ஆம் ஆண்டில், குற்றப்பணம் கட்டாமைக்காக அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்தும் அதிகாரமே நீக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டில் அந்த 300 டொலர்த் தண்டம் 100 டொலராகக் குறைக்கப்பட்டு, முன் விதித்த அத்தண்டங்களின் நிலுவையும் இரத்தாயிற்று. இவற்றை வாங்கிக் கொடுத்தவர்கள் தள்ளுபடி கேட்ட கூட்டமல்லர். கடன் எப்படிப் பிறக்கிறது என்று கணக்கெடுத்துக் காட்டிய நியாயவாதிகள். எமது இளம் நியாயவாதிகள் இதனைக் கவனிக்கவேண்டும்.

அதே நாட்டின் உச்ச நீதிமன்றம் 1983ஆம் ஆண்டில் பியர்டன் எதிர் ஜோர்ஜியா என்ற வழக்கில், ஒருவன் ஏன் கட்டவில்லை என்று விசாரியாமல், இயலாமை ஒன்றையே காரணமாக்கி அவனைச் சிறைக்கு அனுப்பலாகாது எனத் தீர்த்தது. அத்தீர்ப்பு அங்கே எல்லா ஊர்களிலும் மதிக்கப்பட்டது என்று நான் சொல்லவில்லை. மிசூரியின் பெர்குசன் நகரத்தைப் பற்றி 2015 மார்ச்சில் வெளிவந்த சமஷ்டி நீதித் திணைக்கள அறிக்கை எத்துணை அவமதிப்பு நடந்ததென்பதைக் காட்டியது. ஆயினும் ‘இயலாமை வேறு, மறுப்பு வேறு’ என்ற வரம்பு அந்நாட்டுச் சட்டத்தில் எழுதப்பட்டுவிட்டது.

எமது நாட்டில் அந்த வரம்பு எங்கே? சிறைச்சாலைத் திணைக்களம் ஆண்டுதோறும் வெளியிடும் புள்ளிவிபரங்களை யாரும் பார்க்கலாம். தண்டனை பெற்றுச் சிறை புகுவோரிற் பாதிக்கு மேற்பட்டோர் குற்றப்பணம் கட்டாமையால் உள்ளே போனவர்கள். வீதிக் குற்றம் அதில் ஒரு பகுதியே. கசிப்பு முதலிய பிற குற்றங்களும் உண்டு. ஆனால் எல்லோரையும் உள்ளே தள்ளியது ஒன்றே: கையிற் பணமில்லை. இவர்களிற் பலர் வெசாக், சுதந்திர தினம், நத்தார் போன்ற நாட்களில் அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரையின்கீழ் சனாதிபதியின் மன்னிப்பில் வெளியே வருகின்றனர். பத்திரிகைகள் படம் போடுகின்றன. வெள்ளைச் சாறமும் சிறு பொதியுமாகச் சிறை வாசலில் நிற்கும் அம்மனிதரைப் பார்த்து நாடே இரங்குகிறது. ஏழாயிரம் எட்டாயிரம் ரூபாவுக்காக அவரை உள்ளே அனுப்பியது யார், உள்ளே வைத்துச் சோறு போட அரசு செலவழித்தது எவ்வளவு என்று கேட்பாரில்லை. வெசாக்கிற்கு மறுநாள் அதே வாசலால் வேறொருவர் உள்ளே போகிறார்.

மன்னிப்பின் கதவு மனிதர் கையில் இருப்பதால் வரும் ஆபத்தும் உண்டு. 2025ஆம் ஆண்டு வெசாக் மன்னிப்பில், சனாதிபதி அங்கீகரித்த பட்டியலில் இல்லாத, நிதி மோசடிக்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவர் அநுராதபுரம் சிறையிலிருந்து வெளியேறியது பெரும் அவதூறாகி, சிறைத் திணைக்களத்தின் தலைமை வரை விசாரணை சென்றது. ஏழைக்காகத் திறந்த கதவால் யார் முதலிற் புகுந்து போகிறார் என்பதற்கு இதனைவிட வேறு சான்று வேண்டுமா?

ஒரு மறுப்பை இவ்விடத்தில் எதிர்பார்க்கிறேன். வீதிகளில் ஆண்டொன்றுக்கு 2,000இற்கு மேற்பட்டோர் இறக்கும் நாட்டில், ஏ9 வீதியோரக் கிராமங்கள் ஒவ்வொன்றும் ஒரு மரணத்தை நினைவில் வைத்திருக்கும் வேளையில், குற்றவாளிகளுக்காகப் பரிந்து பேசலாமா என்று சிலர் கேட்பர். கடுமை வேண்டுமென்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. மதுவெறியில் ஓட்டுபவனுக்கு ஒரு சதமும் தள்ளவேண்டாம். அவன் என் சொந்தக்காரனாயினும் அவனுக்காக நான் வாதாடப் பிரியப்படேன். ஆனால் கடுமை என்பது என்ன? 2016ஆம் ஆண்டு நவம்பரில் வரவு செலவுத் திட்டம் வாசிக்கப்பட்டபோது, ஏழு குற்றங்களுக்கு ஆகக் குறைந்த குற்றப்பணம் 25,000 ரூபா என்று முன்மொழியப்பட்டது. தனியார் பேருந்துக்காரர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 2019ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டுச் சில குற்றங்களுக்கு அத்தொகை வந்தது. 25,000 ரூபா நாட்கூலிக்காரனுக்குப் பல நாள் உழைப்பு. குளிரூட்டிய சொகுசு வாகனத்தில் வருபவனுக்கு ஒரு நாள் விருந்துச் செலவு. ஒரே தொகை ஒருவனை நசுக்குகிறது, மற்றவனைத் தொடவேயில்லை. இதனைச் சமத்துவம் என்று சொல்வது சட்டத்தைப் பரிகசிப்பதாகும்.

பின்லாந்து தேசத்தில் 1921ஆம் ஆண்டிலிருந்தே நாள்வருமானத்தை அளவுகோலாகக் கொண்டு குற்றப்பணம் விதிக்கிறார்கள். 2023ஆம் ஆண்டில் அதன் ஆலண்ட் தீவில், 50 கிலோமீற்றர் எல்லையில் 82 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டிய செல்வந்தர் ஒருவர் 121,000 யூரோ கட்ட நேர்ந்தது. அதே வேகத்தில் ஓட்டிய கூலியாளுக்கு அவன் வருமானத்துக்கு இசைந்த தொகைதான். எமது வருமானப் பதிவுகள் பின்லாந்தினவை போல ஒழுங்கானவையல்ல. ஆகையால் நாளைக்கே அம்முறையைக் கொண்டுவரலாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நீதவான் ஒருவர் எதிரியைப் பார்த்து, “உமது தொழில் என்ன, நாளுக்கு எவ்வளவு உழைக்கிறீர், எத்தனை பிள்ளைகள்?” என்று மூன்று கேள்விகள் கேட்பதற்குப் பின்லாந்துக்குப் போகவேண்டியதில்லை.

சட்டமும் அதற்குத் தடையாயில்லை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையிலேயே குற்றப்பணத்துக்கு அவகாசம் கொடுக்கவும் தவணை முறையில் அறவிடவும் இடமிருக்கிறது. 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டத்தின்கீழ், சிறைக்குப் பதிலாகச் சமூக வேலை கட்டளையிடலாம். இவை ஏட்டில் உள்ளன. ஆனால் திங்கட்கிழமை காலையில் நூறு வழக்குகள் அழைக்கப்படும் மன்றில், நியாயவாதியின்றி நிற்கும் மனிதனுக்குத் தவணை கேட்கலாம் என்பதே தெரியாது. “குற்றவாளியா, சுற்றவாளியா?” என்ற கேள்விக்கு அவன் தலையாட்டுகிறான். தொகை வாசிக்கப்படுகிறது. வெளியே மனைவியோ மைத்துனனோ கடனுக்கு ஓடுகிறார்கள். பிற்பகலுக்குள் காசு வராவிட்டால் சிறை வாகனம். இக்காட்சியை வாரந்தோறும் பார்த்தும் எம்மில் எத்தனை நியாயவாதிகள் எழுந்து நின்று, கட்டணமின்றி, “கனம் நீதவான் அவர்களே, இவருக்குத் தவணை அளிக்குமாறு வேண்டுகிறேன்” என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கிறோம்? அரசாங்கத்தைக் குறை கூறுமுன் என் தொழிலையும் குறை கூறவேண்டியவனாயிருக்கிறேன்.

ஆகவே பாராளுமன்றத்தில் எழுப்பவேண்டியது வேறு. வடக்கு கிழக்கில் எழுதப்படும் ஒவ்வொரு துண்டும் தமிழில் இருக்கவேண்டும். நாட்டின் எப்பாகத்திலும் தமிழ்பேசும் சாரதிக்குத் தமிழிற் கொடுக்கப்படவேண்டும். அவ்வாறு கொடுக்கப்படாத துண்டின்மேல் இரட்டிப்புத் தொகையோ பிடியாணையோ பிறக்கலாகாதென்று மோட்டார் வாகனச் சட்டத்திலேயே ஓர் உட்பிரிவு சேர்க்கப்படவேண்டும். இயலாமையை விசாரியாமற் குற்றப்பணத்துக்காக எவரையும் சிறைக்கு அனுப்பலாகாதென்று குற்றவியல் சட்டக்கோவை திருத்தப்படவேண்டும். தவணை என்பது கேட்டவனுக்குக் கொடுக்கும் தயவாக இல்லாமல், நீதவான் தாமே எடுத்துச் சொல்லவேண்டிய கடமையாக்கப்படவேண்டும். கமக்காரனுக்கு அறுவடைக் காலம்வரை அவகாசம் கொடுப்பதில் அரசுக்கு என்ன நட்டம்? வங்கிக் கடனுக்கே காலபோகம், சிறுபோகம் பார்க்கிறார்களே.

இவை யாவும் நிறைவேறி, பழைய நிலுவையைத் தீர்க்க இறுதியாக ஒருமுறை தள்ளுபடி தேவையெனின், அப்போது அதனை நான் எதிர்க்கமாட்டேன். கலிபோர்ணியாவிற் போல எல்லைத் திகதியைப் பின்தள்ளி இட்டு, வருமானத்துக்கேற்பக் கழிவு கொடுத்து, உயிருக்கு ஆபத்து விளைத்தவர்களை விலக்கி அது செய்யப்படட்டும். அச்சமயத்திலும் தமிழில் அறிவித்தல் பெறாதவனுடைய துண்டு தள்ளுபடிக்குரியதன்று; இரத்துச் செய்தற்குரியது. இரண்டும் ஒன்றல்ல.

இதற்கிடையில் வாசகர்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்றுண்டு. கலிபோர்ணிய நியாயவாதிகள் கணக்கெடுத்தே வென்றார்கள் என்று மேலே சொன்னேன். எம்மிடம் கணக்கு இல்லை. முறைப்பாடு மட்டுமே இருக்கிறது. வீதியில் துண்டு பெற்ற ஒவ்வொருவரும் அதனைக் கட்டியபின் எறிந்துவிடாமல் வைத்திருங்கள். எந்தத் திகதி, எந்த வீதி, கையெழுத்து எந்த மொழியில், விளக்கம் கேட்டபோது என்ன சொல்லப்பட்டது, அனுமதிப்பத்திரத்தை மீட்க எத்தனை முறை போகநேர்ந்தது, எவ்வளவு செலவாயிற்று என்பவற்றைப் பின்புறத்தில் எழுதிப் பிரதியொன்றை உங்கள் ஊர்க் கமக்காரர் சங்கச் செயலாளரிடம் கொடுங்கள். சங்கங்கள் அவற்றை மாதந்தோறும் சேர்த்து எமக்கு அனுப்பட்டும். நீதவான் நீதிமன்றங்களில் வாரத்தில் ஒரு காலை வேளையைத் தவணை விண்ணப்பங்களுக்காக ஒதுக்கச் சம்மதிக்கும் நியாயவாதிகள் தத்தம் நீதிமன்றின் பெயரையும், தமக்கு வசதியான நாளையும் எழுதியனுப்பட்டும். வன்னியிலிருந்து வந்த அந்தக் கமக்காரருடைய துண்டு ஏற்கெனவே என் மேசையில் இருக்கிறது. முதலாவது அது.